சீட்டில் ஒன்று, சிக்கல் வேறொன்று: இசைத் தயாரிப்புப் பாடங்களுக்கு யோசனை கேட்ட கதை

கோயில் கொடைத் திருவிழா சீசன் முடிந்து கிறிஸ்துமஸ் பாட்டு சீசன் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி வரும். பாளையங்கோட்டைப் பக்கம் ரெக்கார்டிங் வேலை பார்க்கிறவனுக்கு மூச்சு விடக் கிடைக்கும் காலம் அதுதான். அந்த நாட்களில் என் மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடத்துவேன். வருகிறவர்கள் பலதரப்பு: சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர்கள், கல்லூரிப் பையன்கள், பள்ளி ஆண்டுவிழாவுக்கு ட்ராக் போட்டுக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், லேப்டாப் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாதவர்கள். சொல்லிக்கொடுப்பதை வீடியோவாகவும் எடுத்து, வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

முதல் சுற்றில் என்னென்ன பாடம் என்பதை நானே முடிவு செய்தேன். பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. பாட்டுத் தயாரிக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோவைத் திறந்தால் திரையில் என்னென்ன ஜன்னல் தெரிகிறதோ, அதே வரிசையில் பாடம். மூன்றாவது வாரத்திலிருந்து ஆள் குறைந்தது. நின்றுபோன கீபோர்டுக்காரர் ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா எனக்கு வேண்டியது இன்னும் வரல பாத்துக்கிடுங்க" என்றார்.

வேண்டியது எது என்று அவர்களையே கேட்டுவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அப்படிக் கேட்டதில் எது பலித்தது, எது சொதப்பியது என்பதை இங்கே எழுதுகிறேன். பாடம் எடுக்கிற மற்றவர்களுக்கும் உபயோகப்படலாம்.

பிஸ்கட் டப்பா

காலி பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் துளை போட்டு வாசலில் வைத்தேன். பக்கத்தில் வெட்டிய காகிதம், பேனா. மேலே ஒரே கேள்வி: "அடுத்து என்ன பாடம் வேண்டும்?" வெளியூர்க்காரர்கள் குரல் பதிவாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டேன்.

டப்பா நிறைந்தது. கொட்டிப் படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். சீட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் பொருள்களின் பெயர்கள்: ஆட்டோட்யூன் (சுருதி விலகும் குரலைத் திருத்தும் கருவி), மாஸ்டரிங் (பாட்டை வெளியிடுமுன் போடும் கடைசி மெருகு), ஏதோ ஒரு கம்ப்ரஸர், யாரோ வீடியோவில் காட்டிய ரிவெர்ப். 'எந்த மைக் வாங்கலாம்' என்பது வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்தது. 'கிக் டிரம் சத்தம் பஞ்ச்சா, அழுத்தமா வர என்ன செய்யணும்', 'சினிமா பாட்டு அளவுக்குச் சத்தம் வேணும்' என்றும் சில. நான் ஒருவித ஓட்டு எண்ணிக்கை நடத்தினேன். ஆட்டோட்யூன் முதலிடம். அதையே முதல் பாடமாக எடுத்தேன்.

பாடத்தில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் கருவி 1997-ல் வந்த கதை, அதைச் செய்த ஆண்டி ஹில்டபிராண்ட் முன்னால் எண்ணெய் தேடும் தொழிலில் நில அதிர்வு அலைகளை அலசிக்கொண்டிருந்தவர் என்பது, திருத்தும் வேகத்தைச் சுழியத்துக்குக் கொண்டுபோனால் குரல் ஏன் இயந்திரம் போல ஆகிறது என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, அந்தச் சீட்டை எழுதிய பையனே வந்து நின்றான். "சார், எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். பாட்டு முன்னவிட மோசமாயிட்டு."

காந்தாரம் படுத்திய பாடு

பென் டிரைவை வாங்கிப் போட்டுக் கேட்டேன். அம்மன் பாட்டு. நல்ல குரல், இரண்டு கட்டை சுருதி, ஹரிகாம்போஜி ராகத்தை ஒட்டிய மெட்டு. காந்தாரம் ('ச ரி க'வில் 'க') வரும் இடமெல்லாம் குரல் ஒரு தடவை மேலே தாவுகிறது, ஒரு தடவை கீழே விழுகிறது. மற்ற சுரங்கள் எல்லாம் ஒழுங்கு. 'காந்தாரத்தில் மட்டும் இவனுக்கு என்ன பகை?' என்று எனக்கும் முதலில் புரியவில்லை.

அவன் லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொன்னதும் விஷயம் தெரிந்தது. கருவி 'சி மேஜர்' என்று இருந்தது. அதை வாங்கும்போது அப்படித்தான் இருந்திருக்கிறது, அவன் தொடவே இல்லை. நம் கணக்கில் ஒரு கட்டை என்பது 'சி', இரண்டு கட்டை என்பது 'டி'. டி-யை சட்ஜமாக ('ச'வாக) வைத்து ஹரிகாம்போஜி பாடினால் அந்தர காந்தாரம் எஃப் ஷார்ப்பில் விழும். சி மேஜரில் எஃப் ஷார்ப்பே கிடையாது. எஃப் இருக்கிறது, ஜி இருக்கிறது. இரண்டும் அதற்குச் சரிசம தூரம். குரல் ஒரு மயிரிழை மேலே போனால் கருவி ஜி-க்கு இழுக்கிறது, கீழே வந்தால் எஃப்-க்குத் தள்ளுகிறது. மற்ற ஆறு சுரங்களும் இரண்டு வரிசையிலும் பொது என்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கருவியில் 'ஜி மேஜர்' என்று மாற்றினேன். டி-யில் பாடும் ஹரிகாம்போஜிக்கும் ஜி மேஜருக்கும் சுரங்கள் ஒன்றே. தொடங்கும் இடம்தான் வேறு. பையன் விழித்தான். "சுருதி டி-தானே சார், ஜி எதுக்குப் போடணும்?" அன்று ராத்திரி எட்டரை மணி வரை அந்த ஒரே கேள்விக்குப் பலகையில் எழுதி விளக்கினோம். இரண்டாவதாக இன்னொன்றும் இருந்தது. மெட்டில் அவன் போட்டிருந்த கமகத்தையெல்லாம் (சுரத்தை அசைத்துப் பாடும் வளைவுகளை) கருவி பிழை என்று எடுத்துக்கொண்டு இஸ்திரி போட்டிருந்தது. அதற்கு, பாட்டு முழுவதையும் தானாகத் திருத்த விடாமல், நீட்டிப் பிடிக்கும் சுரங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தவேண்டும். எஃப்எல் ஸ்டுடியோவில் நியூடோன் என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், சீட்டில் இருந்தது 'ஆட்டோட்யூன்'. அவனுக்கு வேண்டியிருந்தது 'நம் கட்டைக் கணக்கையும் ராகத்தையும் ஆங்கிலப் பெயர்களோடு எப்படிப் பொருத்துவது' என்ற பாடம். அந்தப் பெயரில் ஒரு சீட்டு டப்பாவில் விழவே விழாது. தன்னிடம் இல்லாதது அதுதான் என்று தெரிந்தவன் சீட்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டான், செய்து முடித்துவிட்டு வேறு வேலை பார்ப்பான்.

கேள்வியை மாற்றினேன்

டப்பாவை எடுத்து உள்ளே வைத்தேன். அடுத்த சுற்றில் பாடத்தின் பெயரைக் கேட்கவில்லை. இப்படிக் கேட்டேன்: "பாதியில் நிற்கிற பாட்டு ஒன்றை எடுங்கள். எந்த இடத்தில் கைவிட்டீர்களோ அந்த முப்பது விநாடியை அனுப்புங்கள். கூடவே திரையின் போட்டோ ஒன்று. என்ன கோளாறு என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை ஒரு வரியில், உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். கருவியின் பெயர் வேண்டாம்."

கடைசி வாக்கியம்தான் முக்கியமானது என்று பிறகு புரிந்தது. கருவிப் பெயர் கூடாது என்றதும் ஜனங்கள் காதால் பேசத் தொடங்கினார்கள். 'குரல் பாட்டுக்குப் பின்னாடி நின்னு பாடுத மாதிரி இருக்கு.' 'டிரம் வந்ததும் எல்லாம் சுருங்கிப் போவுது.' 'நான் பாடினா ஹெட்போன்ல லேட்டா வருது, அதனாலயே தாளம் தப்புது.' 'சார்ஜர் சொருகினா உய்ங்குன்னு ஒரு சத்தம்.' ஒவ்வொன்றும் அப்படியே ஒரு பாடத் தலைப்பு. கடைசி இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஹெட்போனில் தாமதம் என்பது பெரும்பாலும் பஃபர் கணக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்பது: விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு) வேகத்தில் 1,024 சாம்பிள் என்றால் 23 மில்லிவிநாடி, அதுவும் உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை. பாடும்போது 128-க்கு இறக்கினால் மூன்று மில்லிவிநாடிக்கும் கீழே வந்துவிடும், மிக்ஸ் செய்யும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். லேப்டாப் திணறினால் பாடும் நேரத்துக்கு மட்டும் கனமான எஃபெக்டுகளை அணைத்து வைக்கவேண்டும். சார்ஜர் விவகாரத்தில், முதலில் அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்ப்பது. சத்தம் நின்றால் கோளாறு பெரும்பாலும் எர்த் பக்கம், மைக்கைத் திட்டிப் பயனில்லை.

கிக் விவகாரம் அப்படி எளிதாக முடியவில்லை.

பத்துக்குப் பத்து

பழைய சீட்டுகளில் 'கிக் பஞ்ச்சா வரணும்' என்று எழுதியவர்களில் ஒருவர், மேலப்பாளையத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், முப்பது விநாடி அனுப்பினார். கூடவே ஒரு வரி: "என் ரூம்ல கிக் இருக்கவே மாட்டேங்கு, கார்ல போட்டா கதவே அதிருது." நான் என் அறையில் கேட்டேன். கார் சொன்னதுதான் உண்மை. தாழ்ந்த ஒலிகளை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார். ஈக்வலைசரில் எங்கே குறைக்கலாம் என்று எழுதி அனுப்பினேன். திருத்தி அனுப்பினார். அதே கோளாறு. மூன்று தடவை இப்படி.

நாலாவது தடவை அவரே எதேச்சையாகத் தன் அறையைப் போட்டோ எடுத்து அனுப்பினார், புதிதாக ஒட்டிய முட்டை அட்டைகளைக் காட்டுவதற்காக. நாலு சுவரும் முட்டை அட்டை. நடுவில் மேசை, மேசை முன்னால் நாற்காலி. பத்தடிக்குப் பத்தடி அறை. நம் ஊரில் வீடு கட்டுகிற எவரும் 'ஒரு ரூம் பத்துக்குப் பத்து' என்றுதான் தொடங்குவார்கள். உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு.

பத்தடி என்பது மூன்று மீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர் வெயிலுக்கு ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முதலில் அகப்பட்டுக்கொண்டு நிற்கும் அலை, அறை நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ளது. கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். கிக்கின் வயிறு இருக்கும் இடம் அதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்றால் மூன்று திசையும் அதே ஒலியில் ஒன்று சேர்ந்துகொள்ளும். அந்த அலை சுவரோரத்தில் பலமாகவும் அறையின் நட்டநடுவில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். அவர் நாற்காலி போட்டிருந்தது சரியாக அந்த ஒன்றுமில்லாத இடத்தில். காதில் விழாததை மனிதர் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

முட்டை அட்டை பற்றிச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபது அடி. இரண்டு அங்குல அட்டை அதை என்ன செய்யும்? கைதட்டும் ஓசை கொஞ்சம் மாறும், அவ்வளவே. நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக நகர்த்தச் சொன்னேன். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. அது வேதவாக்கு இல்லை, தேடத் தொடங்குவதற்கு ஓர் இடம். மூலைகளில் வீட்டில் கிடந்த தடித்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தச் சொன்னேன். முழுதும் தீராது என்பதையும் சொன்னேன். அடுத்து அனுப்பியதில் காரும் அறையும் ஓரளவு சமாதானம் ஆகியிருந்தன.

இதற்குப் பிறகு முப்பது விநாடியோடு அறையின் போட்டோவும் கட்டாயம் என்று ஆக்கினேன். நான் கேட்டவற்றிலேயே அதிகப் பலன் தந்தது இந்தப் போட்டோதான். சிலர் ஸ்பீக்கரை அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். ஒருவருடைய இரண்டு ஸ்பீக்கரும் மேசைக்கு ஒரே பக்கத்தில் இருந்தன.

முன்னமே செய்தவர்கள்

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மிதப்பில் இருந்தேன். இங்கிலாந்தில் இதையே பல வருடம் நடத்திக் காட்டியிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் மிதப்பு இறங்கியது. 1985-ல் தொடங்கிய 'சவுண்ட் ஆன் சவுண்ட்' மாத இதழில் 'ஸ்டுடியோ எஸ்ஓஎஸ்' என்று ஒரு தொடர் வந்தது. உதவி கேட்ட வாசகரின் வீட்டுக்கே பால் ஒயிட்டும் ஹியூ ராப்ஜான்ஸும் போவார்கள். அறையைப் பார்த்து, ஸ்பீக்கரை நகர்த்தி, தேவைப்பட்டால் சுவரில் ஃபோம் ஒட்டிவிட்டு, நடந்ததை அப்படியே எழுதுவார்கள். வாசகர் வைத்துக்கொடுக்கும் சாக்லேட் பிஸ்கட் பற்றியும் மறக்காமல் எழுதுவார்கள். அது அந்தத் தொடரின் ஓயாத வேடிக்கை. (என் டப்பா அந்த வழியில் வந்ததல்ல. வீட்டில் அதுதான் காலியாக இருந்தது.)

அதே இதழின் 'மிக்ஸ் ரெஸ்க்யூ' தொடர் இன்னும் எனக்கு நெருக்கம். வாசகர் அனுப்பும் பாட்டை மைக் சீனியர் மறுபடி மிக்ஸ் செய்து, எதை ஏன் மாற்றினார் என்று எழுதுவார். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று நாமே கேட்டுப் பார்க்கலாம். கம்ப்ரஸர் பற்றிப் பொதுவாக எழுதினால் படிக்கிறவன் தலையாட்டிவிட்டுப் போவான். யாரோ ஒருவருடைய பாட்டில், இன்ன வரியில் குரல் அமுங்கியதால் இதைப் போட்டேன் என்றால், அந்த இடம் நம் பாட்டிலும் இருக்கிறதா என்று உடனே போய்ப் பார்க்கத் தோன்றும். அவர் பயிற்சிக்காகப் பலரின் பாட்டுகளைத் தனித்தனி ட்ராக்குகளாக இலவசமாகத் திரட்டிக் கொடுத்திருக்கிறார். நம் வாத்தியங்களுக்கு அப்படி ஒரு திரட்டை யாராவது செய்தால் புண்ணியமாகப் போகும்.

அறைக்குப் போவதா, பாட்டை வரவழைப்பதா என்ற இரண்டில், எனக்குப் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாததால் போட்டோவோடு நிறுத்திக்கொண்டேன்.

சொதப்பல்கள்

புதிய கேள்விக்கும் கோளாறுகள் இருந்தன. 'பாதியில் நிற்கிற பாட்டு' என்று கேட்டும் பலர் இருப்பதிலேயே நல்ல பாட்டைத்தான் அனுப்பினார்கள். யார்தான் கிழிந்த சட்டையோடு போட்டோவுக்கு நிற்பார்கள்? சிலர் முப்பது விநாடிக்குப் பதில் மொத்த ப்ராஜெக்டையும் அனுப்பி என் டேட்டாவைத் தீர்த்தார்கள். எல்லோருக்கும் பதில் சொல்வதாக அவசரப்பட்டு வாக்குக் கொடுத்திருந்தேன். கிறிஸ்துமஸ் வேலை வந்ததும் பாதிப் பேருக்குச் சொல்ல முடியவில்லை. இப்போது 'கேட்டுவிட்டேன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எல்லோருக்கும் அனுப்புகிறேன், பதில் வரும் என்று சொல்வதில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். 'சத்தம் பத்தவில்லை, மாஸ்டரிங் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்ட ஒருவரின் பாட்டை வகுப்பில் எல்லோர் முன்னிலும் போட்டு அலசினேன். சொன்னதெல்லாம் சரிதான்: ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தும், நசுக்கி ஏற்றிய சத்தத்தை அதுவே இறக்கிவிடும். உங்கள் பாட்டு மெலிதாகக் கேட்பதற்குக் காரணம் கீபோர்டின் பேட் ஒலி, ஸ்ட்ரிங்ஸ், ஹார்மோனியம், கிடார் நாலும் ஒரே நடு ஸ்தாயியில் முட்டிக்கொள்வதுதான், இரண்டை எடுத்துவிட்டால் மாஸ்டரிங் தேவையே படாது. ஆனால் அந்தப் பாட்டில் ஸ்ட்ரிங்ஸ் வாசித்தது அவருடைய மகள், அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் அடுத்த வாரம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வகுப்பில் போடலாமா, பெயர் சொல்லலாமா என்று இரண்டு கேள்விகளைத் தனியாகக் கேட்காமல் இப்போது எந்தப் பாட்டையும் திறப்பதில்லை.

சீட்டே போடாதவர்கள்

இரண்டு சுற்றிலும் எழுதியவர்களின் பட்டியலைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஏறக்குறைய எல்லோரும் தனியாக லேப்டாப் முன் உட்காரும் ஆண்கள். எனக்குத் தெரிந்து ரெக்கார்டிங் செய்கிற மற்றவர்கள் எங்கே?

பக்தி பாட்டுகளைப் போனில் பாடிப் பதிகிற அக்கா ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். போய்க் கேட்டேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வையைத் தலைவழியே போர்த்திக்கொண்டு பாடுகிறாராம். எதிரொலி வராமல் இருக்க அவரே கண்டுபிடித்த வழி. குரலுக்கு அது உண்மையிலேயே நல்ல வழி, முட்டை அட்டையைவிட எவ்வளவோ மேல். "நீங்க ஏங்க்கா சீட்டு போடல?" என்றேன். "என்கிட்ட அந்தச் சாமான் ஒண்ணும் இல்லியே தம்பி. போன்ல பாடுதவ என்னத்தக் கேக்க?" என்றார். கேள்வித்தாளைச் சாமான் வைத்திருப்பவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. போனும் போர்வையும் மட்டும் வைத்து ஒரு பாடம் எடுத்தேன். அதைத்தான் அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள்.

அடுத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றின் அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர். கொடை நாட்களில் என்னிடம் பதிவுக்கு வந்தவர், பதிவு சரியாக அமையாமல் கிளம்பிப்போனவர். அப்போது நான் வழக்கம்போல க்ளிக் ட்ராக் (ஹெட்போனில் தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) போட்டு, முதலில் குடம், பிறகு உடுக்கை, பிறகு தாளம், கடைசியில் பாட்டு என்று ஒவ்வொருவராகப் பதிந்தேன். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது தள்ளப்படும் காற்று மைக்கில் குபுக்கென்று மோதியது. மைக்கைப் பக்கவாட்டில் திருப்பி அதைச் சரிசெய்தேன். ஆனாலும் பாட்டு செத்துக் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் காரணம் கேட்கவில்லை.

இந்தத் தடவை வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஆமா போடுதவன் பக்கத்துல இல்லாம நான் யார்கிட்டடே கதை சொல்லட்டும்? அந்த மிஷின்கிட்டயா?" என்றார். நான் அதுவரை எடுத்த பாடம் ஒவ்வொன்றும், ஆட்டோட்யூன் முதல் பஃபர் வரை, ஒரே ஆள் ஒவ்வொரு ட்ராக்காக அடுக்குவான் என்ற எண்ணத்தில் எழுதியது. ஐந்து பேர் சேர்ந்து மூச்சு விடும் இசைக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எந்தச் சீட்டும் அதைச் சொல்லவில்லை, எந்த முப்பது விநாடியும் அதைச் சொல்லியிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மாடி அறைக்கு வரவழைத்தேன். க்ளிக் கிடையாது. அரைவட்டத்தில் உட்கார வைத்து, முன்னால் ஒரு ஜோடி மைக், அண்ணாவிக்குத் தனியாக ஒன்று, குடத்துக்குப் பக்கவாட்டில் ஒன்று. எந்த மைக் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன், பாடத்துக்குப் படம் போட வேண்டுமே. நான் வரைந்து வைத்திருந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்று அண்ணாவி எழுந்து, குடக்காரருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மைக்க எங்கன வேணா வையி. எனக்கு அவன் மொகம் தெரியணும்."

என் டேப்பைச் சுருட்டிவிட்டு, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கினேன்.